திருவனந்தபுரம் முதல் நியூயார்க் வரை: விமானம் எங்கெங்கே குலுங்கும், அம்மா என்ன செய்ய வேண்டும்?

தக்கலையிலிருந்து வந்த கேள்வி இது. அம்மாவுக்கு 66 வயது, இதுவரை விமானம் ஏறியதில்லை. ஜூலை நடுவில் திருவனந்தபுரத்திலிருந்து தோஹா, அங்கிருந்து நியூயார்க்கில் மகள் வீடு. ‘நடுவானில் குலுங்கிய விமானம்’ என்று செய்திகளில் பார்த்துப் பார்த்து இப்போது பயணமே வேண்டாம் என்கிறார். எந்த இடத்தில் எவ்வளவு குலுங்கும், எந்த சீட் நல்லது, மாத்திரை கொடுக்கலாமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். தோஹா வரை சுமார் நாலரை மணி நேரம், பிறகு ஏறக்குறைய 14 மணி நேரம். இவ்வளவு நீளமான பறப்பில் லேசான குலுக்கல் நாலைந்து தடவை வரும், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடமோ இருபது நிமிடமோ நீடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தரமானது ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். வந்தால் சில நிமிடங்கள். செய்தியில் வருகிற மாதிரியான கடும் குலுக்கலை வருடக்கணக்காகப் பறக்கிறவர்களில்கூடப் பெரும்பாலோர் பார்த்ததில்லை. அப்படி வந்தாலும், இடுப்பில் பெல்ட்டை இறுக்கிப் போட்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய காயம் ஏற்படுவது மிக அரிது. அம்மாவிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் பெல்ட்டைப் பற்றி மட்டும் சொல்ல மறக்காதீர்கள்.

விமானிகள் குலுக்கலை நான்கு படியாகப் பிரிக்கிறார்கள்: லேசானது, நடுத்தரமானது, கடுமையானது, மிகக் கடுமையானது. அம்மாவுக்குப் புரியவைக்க அரைக் கப் தண்ணீர் போதும். முன்னால் உள்ள தட்டில் வைத்த தண்ணீரின் மேற்பரப்பு நடுங்குகிறது, ஓரத்தில் கொஞ்சம் ஏறி இறங்குகிறது என்றால் லேசானது. அப்போதும் சாப்பாட்டு வண்டி நடைவழியில் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் தளும்பிக் கீழே சிந்துகிறது, பெல்ட் இடுப்பில் அழுந்துவது தெரிகிறது, எழுந்தால் எதையாவது பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியவில்லை என்றால் நடுத்தரம். கப்பே தட்டைவிட்டு எழும்பினால் கடுமையானது. நான்காவது படியில் விமானத்தைக் கட்டுக்குள் வைப்பதே கடினமாகிவிடும். பயணிகள் விமானம் அதில் மாட்டுவது அரிதிலும் அரிது. தக்கலையிலிருந்து களியக்காவிளை வழியாக விமான நிலையம் போகிற ரோட்டில் கார் போடுகிற ஆட்டம், மேலே வரப்போகிற லேசான குலுக்கலைவிட அதிகம். இதைக் காரில் போகும்போதே அம்மாவிடம் சொல்லுங்கள். உடம்பு அதை அனுபவித்துக்கொண்டிருக்கும்போது சொன்னால்தான் மனதில் நிற்கும்.

ஆனால் ரோட்டில் பயம் வருவதில்லை, வானத்தில் வருகிறது. காரணம் உள்காதில் இருக்கிறது. வேகம் மாறுவதை அது உடனே உணரும். எவ்வளவு தூரம் இறங்கினோம் என்பதை அதனால் அளக்க முடியாது. லிப்ட் இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் வயிறு மேலே வருவதுபோல இருக்கிறதே, அதுதான் இதுவும். ஜன்னலுக்கு வெளியே ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் ‘ஆயிரம் அடி விழுந்துவிட்டோம்’ என்று மனம் முடிவு கட்டிவிடும். லேசான குலுக்கலில் உண்மையான ஏற்ற இறக்கம் சில அடிகள்தான். நடுத்தரத்திலும் சில பத்து அடிகளைத் தாண்டுவது குறைவு.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன போயிங் 777 மியான்மருக்கு மேலே 37,000 அடியில் குலுங்கியது. ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள், விமானம் பாங்காக்கில் இறங்கியது. அம்மா பார்த்த செய்தியில் அதுவும் இருக்கும். விசாரணையின் முதற்கட்ட அறிக்கைப்படி, மோசமான அந்தக் கட்டத்தில் விமானம் இறங்கியது 178 அடி, எடுத்துக்கொண்டது 4.6 விநாடி. அவ்வளவுதான். ஆனால் அதன் தொடக்கத்தில் 0.6 விநாடிக்குள், உடம்பு உணரும் விசை புவியீர்ப்பின் +1.35 மடங்கிலிருந்து −1.5 மடங்குக்கு மாறியது. அதாவது பெல்ட் போடாத ஒருவரை யாரோ கூரையை நோக்கித் தூக்கி எறிந்ததுபோல. பெல்ட் போடாதவர்கள் மேலே போய் மோதினார்கள், பிறகு கீழே விழுந்தார்கள். ஆளைக் கொல்வது 178 அடி இறக்கம் அல்ல. விமானம் இறங்கும்போது ஆள் அதோடு சேர்ந்து இறங்காததுதான்.

அமெரிக்காவின் கணக்கும் இதையே சொல்கிறது. 2009 முதல் 2022 வரை அந்நாட்டு விமானச் சேவைகளில் குலுக்கலால் பலத்த காயமடைந்தவர்கள் 163 பேர். அதில் 129 பேர் விமானப் பணியாளர்கள். விமானத்தில் எப்போதும் பயணிகள்தான் பல மடங்கு அதிகம், ஆனாலும் காயம் பணியாளர்களுக்கே, ஏனென்றால் நின்றுகொண்டிருப்பவர்கள் அவர்கள். கோடிக்கணக்கான பயணிகள் பறந்த அந்த 14 வருடத்தில் மீதி 34 பேர்தான் பயணிகள்.

விமானம் உடைந்துவிடுமோ என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ‘ஒன்றும் ஆகாது’ என்று மட்டும் சொன்னால் பயந்தவர் நம்பமாட்டார். 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் புஜி மலைக்கு அருகே போயிங் 707 ஒன்று மலைக்காற்றின் அலையில் சிக்கி வானிலேயே உடைந்தது, 124 பேரும் இறந்தார்கள். அப்படி நடந்திருக்கிறது. பலத்த காற்று வீசும் நாளில் மலைச்சிகரத்தின் காற்று மறைவுப் பக்கத்துக்கு அருகே தாழப் பறப்பது எவ்வளவு ஆபத்து என்பது அதோடு எல்லோருக்கும் உறைத்தது. இன்று விமானங்கள் சிகரங்களுக்கு வெகு உயரத்தில் பறக்கின்றன, எந்த மலைக்கு மேல் எவ்வளவு காற்று என்பது புறப்படும் முன்பே விமானி கையில் இருக்கிறது. பயணிகள் விமானம் எதுவானாலும், சேவைக்காலத்தில் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல ஒன்றரை மடங்கைத் தாங்கிக் காட்டினால்தான் அனுமதி. 1995-ல் போயிங் 777-இன் இறக்கையை உடையும்வரை மேல்நோக்கி இழுத்துச் சோதித்தார்கள். நுனி சுமார் 24 அடி மேலே வளைந்து, அந்த அதிகபட்சச் சுமையின் 154 சதவீதத்தில்தான் முறிந்தது. ஜன்னல் வழியாக இறக்கை நுனி தென்னை ஓலைபோல ஆடுவது தெரிந்தால் அம்மா பதற வேண்டாம். வளையாத இறக்கைதான் ஆபத்து. வள்ளம் அலையோடு ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

‘ஏர் பாக்கெட்’ என்று ஒன்று கிடையாது. வானத்தில் காற்றில்லாத ஓட்டை எங்கும் இல்லை. காற்று மேலும் கீழுமாக ஓடுகிறது, பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன. அந்த உரசலில் சுழல் உண்டாகிறது. அதற்குள் போகும்போது விமானம் குலுங்குகிறது.

இனி வழியைப் பார்ப்போம். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிப் பயம் போய்விடும். எதிர்பார்த்த குலுக்கலும் எதிர்பாராத குலுக்கலும் ஒன்றல்ல.

ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஏறினதும் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் கட்டாயம் குலுங்கும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் மேல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பலமான ஓட்டமாக வருகிறது. ஆரல்வாய்மொழி கணவாயில் புகுந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் இந்தப் பருவக்காற்றுதான். விமானம் அந்த அடுக்கைக் குறுக்காகத் தாண்டி மேலே போக வேண்டும். அதோடு அடுக்கடுக்கான மழைமேகம். ஜன்னலில் வெள்ளையாக ஒன்றும் தெரியாது, விமானம் தடதடவென்று ஆடும், பிறகு திடீரென்று மேகத்துக்கு மேலே வந்து வெயில் அடிக்கும். இரவானால் நட்சத்திரம் தெரியும். அங்கே அடங்கிவிடும்.

இந்த இடத்தில் நம் குமரி மாவட்டத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிற ஒன்றைச் சொல்லவேண்டும். ஆனி ஆடியில் கடல் கொந்தளிக்கிறது, மழை கொட்டுகிறது, அதனால் அப்போதுதான் விமானமும் மோசமாக ஆடும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆடி மழைக்குப் பெரும்பாலும் பரந்து விரிந்த அடுக்கு மேகம். காற்று சீராக ஒரு பக்கமிருந்து வரும். குலுக்கல் நீளும், ஆனால் கனமாக இருக்காது. இடியோடு வருகிற மேகம்தான் விமானத்துக்கு எதிரி. நம் பக்கத்தில் இடி அதிகம் விழுவது சித்திரை, வைகாசி கோடைமழையிலும் ஐப்பசியிலும்தான். அதிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல், மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிற நேரம். அந்த மாதங்களில் டிக்கெட் எடுப்பவர்கள் அதிகாலை விமானத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வளைகுடாவுக்கு விடியற்காலையில் போகும் விமானங்களும் கிடைக்கும்.

இடிமேகத்தின் உச்சி நம் பக்கத்தில் 50,000 அடியைத் தாண்டும். விமானம் பறப்பது 33,000-லிருந்து 41,000 அடிக்குள். அதனால் மேலே ஏறித் தாண்ட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். மூக்கில் இருக்கும் ரேடார் மழைத்துளியைத் தெளிவாகக் காட்டும். கடுமையான மேகத்துக்கு 20 கடல்மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர் விலகிப் போவது வழக்கம். ஆனால் மேகத்தின் உச்சியில் இருப்பது துளி அல்ல, உலர்ந்த பனிப்படிகம். அதை ரேடார் சரியாகப் பிடிக்காது. வேகமாக வளர்கிற மேகத்தின் தலை விமானத்தின் பாதைக்குள் திடீரென்று எழும்பும்போதுதான் எச்சரிக்கை இல்லாத அடி விழுகிறது. ஜூலையில் திருவனந்தபுரத்திலிருந்து மேற்கே போகும் வழியில் கரையை ஒட்டிய கடல் மேல் இப்படிச் சில மேகக் கூட்டங்கள் இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு குலுக்கல் வருவது இதனால். ஓமன் பக்கம் நெருங்க நெருங்க மேகம் கலைந்துவிடும், ஆட்டமும் குறையும்.

தோஹாவில் இறங்கும் நேரம் முக்கியம். விடிவதற்கு முன்னோ காலை சீக்கிரமோ இறங்கினால் பெரும்பாலும் அமைதி. நண்பகலில் என்றால் மணல் சுட்டு, சூடான காற்று குமிழ்குமிழாக மேலே கிளம்பும். கடைசிப் பத்து நிமிடம் சின்னச் சின்ன உதறல் தொடர்ந்து இருக்கும். ஜூலையில் ஷமால் என்கிற வடமேற்குக் காற்றும் தூசியோடு வீசும். அங்கேயும் ஆபத்து ஒன்றும் இல்லை, வயிற்றைப் பிரட்டும், அவ்வளவுதான்.

அடுத்த விமானம் பெரியது. திருவனந்தபுரத்திலிருந்து வருவது ஒற்றை நடைவழி உள்ள விமானமாக இருக்கலாம். நியூயார்க் போவது இரண்டு நடைவழி உள்ள கனமான விமானம். ஒரே காற்றுக்கு வள்ளம் ஆடும், கப்பல் அவ்வளவு ஆடாது. புறப்படும்போது நிறைய எரிபொருள் இருப்பதால் கனம் இன்னும் அதிகம். அதனால் ஆட்டம் குறைவு. ஆனால் அதே கனத்தால் உடனே உயரமாக ஏறவும் முடியாது. எரிபொருள் தீரத் தீர இரண்டாயிரம், நாலாயிரம் அடியாக மேலே போகும். முதல் சில மணி நேரம் ‘குலுங்குகிறதே, மேலே ஏறிப் போகக் கூடாதா’ என்று தோன்றினால் காரணம் இது.

வடக்கே போகும் வழி அன்றைய காற்றையும் எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்து மாறும். பெரும்பாலான வழிகளில் மலைகள் உண்டு: ஈரான் பக்கம் சாக்ரோஸ் மலைத்தொடர், கிழக்குத் துருக்கியின் மலைகள். திற்பரப்பு அருவிக்கு மேலே கோதையாறு பாறைப் படுகையில் ஓடுவதைக் கவனித்தவர்களுக்கு மலைக்காற்று எளிதில் புரியும். தண்ணீர் பாறை மேல் ஏறும்போது வழுக்கிக்கொண்டு போகிறது, தாண்டிய பிறகுதான் குதித்து அலை அலையாக ஏறி இறங்குகிறது. காற்றும் மலையைத் தாண்டிய பக்கத்தில்தான் அப்படிச் செய்யும், அந்த அலை விமானம் பறக்கும் உயரம்வரை எட்டும். இது குளிர்காலத்தில் பலமாக இருக்கும். ஜூலையில் மேல்காற்று பலவீனம் என்பதால் இங்கே லேசான ஆட்டத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பிற்பகலில் கருங்கடல், கிழக்கு ஐரோப்பா பக்கம் கோடை இடிமேகங்கள் எழும்பும். விமானம் வளைந்து வளைந்து போவதை முன்னால் இருக்கும் திரையின் வரைபடத்திலேயே பார்க்கலாம்.

பிறகு அட்லாண்டிக். தெளிந்த வானக் குலுக்கல் என்று சொல்லப்படுவதற்குப் பெயர் போன இடம் இது. மேகமும் மழையும் இல்லாமல், ரேடாரில் ஒரு புள்ளிகூடத் தெரியாமல் விமானம் திடீரென்று குலுங்கும். நம் கரையில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கள்ளக்கடல். கரையில் காற்றிருக்காது, வானம் வெளுத்திருக்கும், தெற்கே வெகுதூரத்தில் எங்கோ புயல் கிளப்பிய அலை சத்தமில்லாமல் வந்து ஏறும். அந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. தெளிந்த வானக் குலுக்கலும் அதே குணம்தான், காரணம் மட்டும் வேறு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்று என்று ஒரு ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. பலமான நாளில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். நடு ஆற்றில் குலுக்கல் அதிகம் இல்லை; கரையோரத்தில், அதாவது வேகமான காற்றும் மெதுவான காற்றும் உரசும் விளிம்பில்தான் இருக்கிறது. அந்தக் கொந்தளிப்பு அடுக்கு பெரும்பாலும் மெல்லியது, சில ஆயிரம் அடிக்குள். அதனால்தான் விமானி முதலில் செய்வது இரண்டாயிரம் அடி ஏறவோ இறங்கவோ அனுமதி கேட்பது. முன்னால் போன விமானங்கள் ‘இந்த உயரத்தில் இவ்வளவு ஆட்டம்’ என்று சொல்லிக்கொண்டே போகும், பின்னால் வருகிறவர் அதைக் கேட்டு உயரம் மாற்றுவார். அட்லாண்டிக்கில் வரிசையாக விமானங்கள் போவதால் அனுமதி கிடைக்கச் சில நிமிடம் ஆகலாம். அதுவரை வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தடையில் கார் ஏறுவதுபோலப் போவார்கள். என்ஜின் சத்தம் தணிந்தால் அது இதற்காகத்தான். என்ஜின் நின்றுவிட்டது என்று அம்மா நினைத்துவிடக் கூடாது.

பருவநிலை மாற்றத்தால் இது கூடியிருக்கிறது என்பதும் உண்மை. பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, வட அட்லாண்டிக்கின் ஒரு சராசரி இடத்தில் கடுமையான தெளிந்த வானக் குலுக்கல் 1979-ல் வருடத்துக்கு 17.7 மணி நேரம் இருந்தது, 2020-ல் 27.4 மணி நேரம் ஆனது. 55 சதவீத உயர்வு. தலைப்பில் 55 சதவீதம் என்று படித்துப் பயப்படுகிறவர்கள் அந்த 27.4 மணி நேரம் ஒரு வருடத்தின் 8,760 மணி நேரத்தில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயிரத்தில் மூன்று. அதையும் முன்னறிவிப்பு வைத்து விலக்கிக்கொண்டுதான் பறக்கிறார்கள். உங்கள் அம்மா போவது ஜூலையில் என்பது நல்ல விஷயம். ஜெட் காற்று அப்போது பலம் குறைந்து வடக்கே ஒதுங்கியிருக்கும். பனி மூடிய கிரீன்லாந்தின் தென்முனைக்கு அருகே போனால் அங்கே கொஞ்சம் ஆட்டம் வரலாம்.

நியூயார்க்கில் இறங்கும்போது ஜூலை மாலை என்றால் மறுபடி இடிமேகம். விமானத்தை வானத்திலேயே வட்டமடிக்கச் சொல்வார்கள், சில சமயம் வேறு விமான நிலையத்துக்கும் திருப்பி விடுவார்கள். இரண்டும் வழக்கமானவை. அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டாம்.

சீட் எது? இறக்கைக்கு நேராக உள்ள வரிசைகள். விமானம் தன் எடைமையத்தைச் சுற்றித்தான் மூக்கும் வாலுமாக ஆடுகிறது, மையம் இறக்கைப் பக்கம் இருக்கிறது. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பு என்ன பாடுபடும் என்று தெரியும். விமானத்திலும் வால்பக்கம் அதே கதைதான். ஜன்னலோரமா, நடைவழியோரமா? அம்மாவின் வயதுக்கு அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், பாத்ரூம் போக வேண்டும் என்பதால் நடைவழி வசதி. ஆனால் மேலே உள்ள பெட்டிக்கூடு திறந்து சாமான் விழுந்தால் முதலில் அடிபடுவதும், சூடான டீ சிந்தினால் படுவதும் அங்கேதான். அவர் முதல் தடவை போகிறார், பயப்படுகிறார், துணைக்கு யாரும் இல்லை என்றால் என் தேர்வு நடைவழிதான். பணியாளரைக் கூப்பிட எளிது. யாராவது கூட வருகிறார்கள் என்றால் அம்மா நடுவில், துணை நடைவழியில்.

இனி பெல்ட். எப்படிப் போடுவது என்று வீட்டிலேயே காட்டிக்கொடுங்கள், ஒரு துப்பட்டாவை வைத்துக் காட்டினாலும் போதும். வயிற்றின் மேல் போடக் கூடாது. இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதே, அதன் மேல், தொடை மடிப்பை ஒட்டிப் படிய வேண்டும். பூட்டின பிறகு தொங்கும் வாரை இழுத்து, உள்ளங்கை தட்டையாக நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட வேண்டும். முஷ்டி நுழையும் அளவு தளர்வு இருந்தால், விமானம் இறங்கும் அந்த நொடியில் உடம்பு முதலில் மேலே எழும்பி வேகம் எடுத்த பிறகுதான் பெல்ட் பிடிக்கும், அந்த வெட்டு இடுப்பிலும் முதுகெலும்பிலும் விழும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். குலுக்கலில் முதுகெலும்பு நசுங்கி முறிவது வழக்கமாகக் காணும் காயங்களில் ஒன்று. கழற்றுவது கார் பெல்ட் மாதிரி அழுத்தும் பொத்தான் அல்ல, மேல்தகட்டைத் தூக்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட் போட்டபடியே இருக்கட்டும். போர்வை போர்த்தினால் பெல்ட் போர்வைக்கு மேலே தெரிய வேண்டும். உள்ளே இருந்தால் விளக்கு எரியும்போது பணியாளர் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பிச் சரிபார்ப்பார். தூக்கமும் போகும், பயமும் வரும். சேலையைவிடச் சுடிதார் வசதி. சேலைதான் என்றால் கொசுவம் பெல்ட்டுக்கு அடியில் மொத்தையாகத் திரளாமல் நீவிவிட்டுப் போட வேண்டும்.

நடைவழியில் இருக்கும்போது குலுங்கினால் தன் சீட்டுக்கு ஓடக் கூடாது. பக்கத்தில் காலியாக எந்த சீட் இருந்தாலும் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் தரையிலேயே உட்கார்ந்து சீட்டின் கைப்பிடியையோ அடியில் உள்ள கம்பியையோ இறுகப் பிடிக்க வேண்டும். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். பாத்ரூமில் இருந்தால் மூடியை மூடி அதன் மேல் உட்கார்ந்து சுவரில் உள்ள பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். சூடான டீயோ காபியோ குலுங்கும்போது கையில் வேண்டாம். வாங்கிய பிறகு ஆட ஆரம்பித்தால் பாதியைக் குடித்துவிட்டோ பணியாளரிடம் திருப்பிக் கொடுத்தோ விடலாம். மேல்கூட்டில் ஊறுகாய் பாட்டில், கருப்பட்டி மூட்டை போன்ற கனமானது வேண்டாம், அதெல்லாம் செக்-இன் பெட்டியில் போகட்டும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும்: பெல்ட் விளக்கு எரிந்ததும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்து, அவர்கள் தரும் சிறு பெல்ட்டை உங்கள் பெல்ட்டில் கோத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். எந்தத் தாயின் பிடியும் அந்த வேகத்தை நிறுத்தாது.

மாத்திரை விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். பஸ்ஸில், மலை ரோட்டில் வாந்தி வரும் பழக்கம் அம்மாவுக்கு இல்லையென்றால் மாத்திரையே தேவைப்படாது. உண்டென்றால் அவோமின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யும், ஆனால் குமட்டல் தொடங்கிய பிறகு அல்ல, புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். 66 வயதில் இவை தூக்கக் கலக்கம், நடையில் தள்ளாட்டம், வாய் வறட்சி, சிறுநீர் சிரமம் தரலாம். கண்ணில் பிரஷர் இருப்பவர்களுக்கு ஆகாமல் போகலாம். அதனால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு, பயணத்துக்கு ஒரு வாரம் முன் வீட்டில் ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். புதிய மாத்திரையின் முதல் டோஸ் விமானத்தில் வேண்டாம். மாத்திரை இல்லாமலும் குறைக்கலாம்: எண்ணெய்ப் பலகாரம் இல்லாத, பாதி வயிறு சாப்பாடு, தலையைச் சீட்டில் அசையாமல் சாய்ப்பது, மேலே காற்றுத் துவாரம் இருந்தால் முகத்துக்கு நேராகத் திருப்புவது, போனைப் பார்க்காமல் இருப்பது. வாயில் ஒரு துண்டு இஞ்சி மிட்டாய் நல்லது. 14 மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குலுக்கலைவிடக் கவலைப்பட வேண்டியது. விளக்கு அணைந்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சீட் முதுகுகளைப் பிடித்தபடி ஒரு சுற்று நடக்கட்டும், மற்ற நேரம் உட்கார்ந்தே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டட்டும்.

குலுக்கலே அல்லாத, ஆனால் பயமுறுத்தும் சில உணர்வுகளையும் சொல்லி வையுங்கள். ஏறின ஒரு நிமிடத்துக்குள் என்ஜின் சத்தம் சட்டென்று குறையும், விழுவதுபோல இருக்கும். ஏற்றத்தின் வேகத்தைக் குறைக்கிறார்கள், விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இறங்கும் வழியில் உடம்பு முழுக்க ஒரு அதிர்வு வந்தால், இறக்கை மேலுள்ள பலகைகளைத் தூக்கி வேகத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் அடியில் ‘தடார்’ என்று கேட்டால் சக்கரம் இறங்குகிறது. தரையைத் தொடப்போகும் நேரத்தில் மறுபடி வேகமெடுத்து மேலே போனாலும் அது விபத்து அல்ல. காற்றோ பாதையோ சரியில்லை என்று இன்னொரு தடவை முயல்கிறார்கள்.

பயணத்துக்கு முந்தின நாள் இரவு, குலுக்கலை முன்கூட்டிச் சொல்லும் டர்ப்ளி போன்ற இணையதளங்களில் வழியைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு ஒரு வாரம் முன்பே பார்ப்பதில் அர்த்தமில்லை. மேல்காற்றை ஓரளவு சரியாகச் சொல்லும், இடிமேகத்தைச் சொல்லாது. பார்ப்பதாக இருந்தால் நீங்கள் பாருங்கள், அம்மாவிடம் சிவப்புப் பட்டையைக் காட்டாதீர்கள். திரும்பி வரும் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் அக்டோபர் தொடக்கத்துக்குள் எடுப்பது நல்லது. திரும்பும்போது ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும். பயணம் ஒன்றிரண்டு மணி நேரம் குறையும், ஆனால் அந்தக் காற்றைத் தேடிப் போய்த்தான் பறப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் அது முழு பலத்தில் இருக்கும், அட்லாண்டிக்கில் ஆட்டமும் அதற்கேற்பக் கூடும். அக்டோபர் என்றால் திருவனந்தபுரத்தில் காலையில் இறங்குகிற மாதிரி பாருங்கள், மாலை இடிக்கு முன்னால் அம்மா தக்கலைக்கே வந்து சேர்ந்திருப்பார்.